சொந்தத்துக்குள் சம்பந்தம்

தருமபுரிப் பக்கம் பெண் குழந்தைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். அவள் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்டவும் சீர்வரிசைத் தட்டு எடுத்துவரவும் அவர்தான் வரவேண்டும். கல்யாணப் பந்தலில் அவர் முகம் கோணினால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பதறிப்போவார்கள். இத்தனை மரியாதையும் பாசத்துக்காக மட்டும் தரப்பட்டதல்ல. பல சாதிகளில் அதற்குப் பின்னால் ஓர் உரிமையும் இருந்தது: அக்கா மகளைத் தம்பி கட்டிக்கொள்ளலாம். அவன் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியே மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவனுக்கு அடுத்த வரிசையில் அத்தை மகன், மாமன் மகன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும், தமிழ் பேசும் வீடுகளில் மட்டுமல்ல, தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலும் சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்துகொள்வது சாதாரணம்.

இதில் கறாரான ஒழுங்கு உண்டு. மாமன் மகள் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை. அத்தை மகனைக் கட்டலாம். பெரியம்மா மகன் அண்ணன், அந்த நினைப்பே பாவம். பங்காளி என்றும் மாமன் மச்சான் என்றும் உறவை இரண்டாக வகுத்து, ஒரு பக்கத்தை முற்றாக அடைத்துவிட்டு மறுபக்கத்தை அகலத் திறந்துவைத்த ஏற்பாடு. ஆனால் ரத்தக் கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒருவனுக்கு ஒரே அளவு நெருக்கம். இந்த உண்மை தெரியவர 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் விளைவு குழந்தையின் நெஞ்சுக்கூட்டுக்குள் எங்கே போய் முடிகிறது என்பது தெரியவர அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆகிவிட்டது.

வழக்கம் மிகப் பழையது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தையதாகக் கருதப்படும் போதாயன தரும சூத்திரம், தென்னாட்டாருக்கே உரிய வழக்கங்கள் என்று சிலவற்றைப் பட்டியலிடுகிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. வடக்கே ஏழு தலைமுறை, ஐந்து தலைமுறை என்று விலக்குக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெற்கின் இந்த நடைமுறை வியப்பாக இருந்திருக்க வேண்டும். இருந்தும் நூல் அதை ஊர் வழக்கம் என்று குறித்து வைத்தது.

தருமபுரியைப் பொறுத்தவரை எழுத்துப் பதிவுகள் 1792-க்குப் பிறகு பெருகுகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தருமபுரி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அதன் நிர்வாகியாக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே இருந்தார்; தருமபுரியில் குடியிருந்து நிலம் அளந்தார். இவர்கள் காலத்தில் சேர்ந்த குவியலான குறிப்புகள் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பின்னாளில் அச்சேறின. அவற்றில் குடிமக்களைப் பற்றிய தனிப் பகுதி 1907-இல் வெளிவந்தது. எந்தச் சாதி எப்படிப் பெண் எடுக்கிறது, யார் வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்றெல்லாம் வரி வசூலிக்க வந்தவர்கள் ஏன் எழுதிவைக்க வேண்டும்? குடியானவனோடு நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் ஒத்திகை நடந்தது. குடும்பம் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் பட்டா கொடுக்க முடியாது.

நூறு ஆண்டு கழித்து எப்.ஜே. ரிச்சர்ட்ஸ் வருகிறார். 1918-இல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதிய ஐ.சி.எஸ். அதிகாரி. அப்போது தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2 அன்றுதான். கெசட்டியருக்கு நான்கு ஆண்டு முன்னதாக, 1914-இல், மானிடவியல் இதழான ‘மேன்’-இல் தென்னிந்திய முறைப்பெண் திருமணம் பற்றி ரிச்சர்ட்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். தாய்வழிச் சொத்துரிமையும் தந்தைவழிச் சொத்துரிமையும் மோதிய இடத்தில் சமரசமாகப் பிறந்ததே இந்தத் திருமணம் என்பது அவர் ஊகம். சொத்து எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரே அடுப்படிக்கு வந்து சேர வேண்டும் அல்லவா! பின்னால் வந்தவர்கள் இதை ஏற்கவில்லை. 1949 முதல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், இரண்டு வீடுகளுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் உறவு ஒப்பந்தமே இதன் அடிப்படை என்றார். ரிச்சர்ட்ஸின் ஊகத்தைவிட இது கிராமத்தாருக்கு எளிதில் புரியக்கூடிய விளக்கம். ‘சொந்தம் விட்டுப்போகக் கூடாது’ என்று அவர்கள் சொல்லிவந்ததும் அதுதான்.

ஊர்க்காரர்களின் காரணங்கள் ஆய்வாளர்களின் காரணங்களைவிட எளிமையானவை. அலட்சியமாகத் தள்ளக்கூடியவையும் அல்ல. மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் கொண்ட ஊரில் இரண்டு ஏக்கர் இரண்டாகப் பிரிந்தால் எவருக்கும் பயனில்லை. பரிசம் போட்டுப் பெண் எடுத்த காலத்தில் சொந்தக்காரனிடம் செலவு குறைவு. வரதட்சணை வந்த பிறகு சொந்தக்காரனிடம் கேட்பது குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து பதினாறு வயதில் வாழப்போன பெண்ணுக்கு மாமியார் யார் என்பது வாழ்வா சாவா என்ற கேள்வி. தாய்மாமனைக் கட்டினால் மாமியார் அவளுடைய சொந்தப் பாட்டி. பெற்ற தாய்க்குப் பிறந்த வீட்டோடு தொடர்பு அறாது. மகளுக்குப் புகுந்த வீடு அன்னியமாகாது. இந்தியச் சட்டமும் இதன் வலுவை ஒப்புக்கொண்டது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தாய்மாமன்–மருமகள் உறவையும் அண்ணன் தங்கையின் பிள்ளைகளுக்கு இடையேயான உறவையும் விலக்கப்பட்ட உறவுகளில் சேர்த்தது. அதே மூச்சில், வழக்கம் அனுமதித்தால் தடையில்லை என்று வழிவிட்டது. தென்னாட்டுக் கல்யாண மண்டபங்கள் பலவும் அந்த வழியில்தான் நிறைந்தன.

ரிச்சர்ட்ஸ் எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 1902-இல், லண்டனில் ஆர்ச்சிபால்டு கேரட் என்ற மருத்துவர் வேறொரு முனையைப் பிடித்திருந்தார். பிறந்த குழந்தையின் சிறுநீர் துணியில் கறுத்துப்போகும் ஓர் அபூர்வ நோய். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் நேர்ச் சகோதர வழி உறவினர்கள், அதாவது உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், என்பதை அவர் கவனித்தார். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்தால் உடலின் ஒரு நொதி இயங்காமல் போகிறது என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. உறவுத் திருமணத்தையும் நொதிக் குறையையும் ஒரே கயிற்றில் கட்டிய முதல் மனிதர் அவர்தான். அந்தக் கட்டுரையை ரிச்சர்ட்ஸ் படித்திருக்க வாய்ப்பில்லை. மன்றோ நிலம் அளந்த நாட்டில் இந்த வழக்கத்தைச் சொத்துரிமைக் கண்ணோடு பார்த்தார்கள். லண்டனில் வேதியியல் கண்ணோடு பார்த்தார்கள். இரண்டும் சந்திக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

சந்திப்பை நடத்திவைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவில் குடியேறிய அந்த மரபியல் மேதை, தென்னிந்திய உறவுத் திருமணங்கள் உலகில் வேறெங்கும் கிடைக்காத ஆய்வுக்களம் என்று கண்டார். அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் ஆராய்ந்து 1963-இல் முடிவுகளை வெளியிட்டார். 1966-இல் மரபியலாளர் எல்.டி. சங்வி ஒரு சுவையான யோசனையை முன்வைத்தார்: இரண்டாயிரம் ஆண்டாகச் சொந்தத்துக்குள் மணந்துவந்த மக்களிடம் கெட்ட மரபணுக்கள் குழந்தை மரணங்கள் வழியாகவே களையப்பட்டிருக்கும், அதனால் மற்ற நாட்டாரைவிட இவர்களுக்குத் தீங்கு குறைவாக இருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் வட ஆற்காட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்து 1977-இல் எழுதியதும் இந்த யோசனைக்கு ஓரளவு தெம்பு தந்தது. கிராமத் திருமணங்களில் ஏறத்தாழப் பாதி சொந்தத்துக்குள் நடந்தவை. இருந்தும் கருச்சிதைவிலோ இறந்து பிறப்பதிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஊரில் பலருக்கு இது நிம்மதி தரும் செய்தி. ஆனால் களையெடுப்புக் கோட்பாட்டில் ஓட்டை உண்டு. புதிய பழுதுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தோன்றுகின்றன. இறந்த குழந்தைக்கு ஈடாக இன்னொரு குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் வீட்டில், பழுதான மரபணு உடன்பிறந்தவர்களிடம் மறைந்து நின்று தொடர்கிறது. மரபியலாளர் ஆலன் பிட்டில்ஸ் பல நாட்டுப் புள்ளிவிவரங்களைத் தொகுத்தபோது, நேர்ச் சகோதர வழிக் கல்யாணத்தில் பிறந்த குழந்தைகளிடம் மரணம் ஏறக்குறைய 3.5 முதல் 4.4 சதவீதப் புள்ளி கூடுதல் என்று கண்டார். கூடுதல்தான், ஆனால் ஊர்ப் பேச்சில் எடுபடும் அளவல்ல. நூறில் நான்கு என்பது எந்தப் பெரிய குடும்பத்திலும் ‘விதி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அந்த நான்கில் சிலர் எப்படி இறந்தார்கள்?

மருத்துவ நூல்கள் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. தருமபுரிப் பாட்டிமார்களும் அதைத் தங்கள் சொற்களில் சொல்லியிருப்பார்கள். குழந்தை நல்ல எடையோடு பிறக்கிறது. இரண்டு மூன்று மாதம் வரை குறையொன்றும் இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் அதுவரை காக்கின்றன. பிறகு வாயில் வெள்ளைப் படலம். துடைத்தால் மறுநாள் மறுபடி. நிற்காத வயிற்றுப்போக்கு. இருமல் நெஞ்சில் இறங்குகிறது. உடம்பு தேயத் தேயக் கண்கள் மட்டும் பெரிதாகின்றன. சீர் தட்டிவிட்டது என்று மந்திரிக்கிறார்கள், தோஷம் என்று தாயத்துக் கட்டுகிறார்கள், சவலை என்று பேர் வைக்கிறார்கள். முதல் வயது நிறையும் முன் கதை முடிகிறது. பதிவேட்டில் காரணம்: நிமோனியா, அல்லது வயிற்றுப்போக்கு. இரண்டுமே பொய்யில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அதே இருமல் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டதே, இதற்கு மட்டும் ஏன் போகவில்லை என்பதற்கு அவை பதில் சொல்லவில்லை.

1950-இல் சுவிட்சர்லாந்தில் கிளான்ஸ்மன், ரினிக்கர் என்ற இரு மருத்துவர்கள் இப்படி இறந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஒருவகை வெள்ளையணு, லிம்போசைட், அறவே குறைந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். அந்த அணுக்கள் எங்கே வளர்கின்றன என்பது அப்போது எவருக்கும் தெரியாது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைச் செத்த அணுக்களின் மயானம் என்று எண்ணியிருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து தைமஸை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் தொற்று தாங்காமல் நலிந்தன. மயானம் என்று நினைத்தது உண்மையில் பள்ளிக்கூடம். மயானம் என்று எண்ணியவர்கள் முழுத் தவறும் செய்யவில்லை: அந்தப் பள்ளியில் சேரும் இளம் லிம்போசைட்டுகளில், அதாவது டி அணுக்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அங்கேயே மடிகின்றன.

அவை மடியும் விதம்தான் நோய் எதிர்ப்பியலின் சாரம். இளம் டி அணு இயல்பாகவே சாகத் தயாராக இருக்கிறது. வெளியிலிருந்து ‘பிழைத்திரு’ என்ற சேதி வந்துகொண்டே இருந்தால்தான் அது வாழும். தைமஸின் திசு ஐ.எல்.-7 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது அணுவின் மேலுறையில் உள்ள ஏற்பியில் ஒட்டுகிறது. ஏற்பியின் உள்முனையில் ஜாக்1, ஜாக்3 என்ற இரண்டு கைனேஸ் நொதிகள் காத்திருக்கின்றன. கைனேஸின் வேலை, ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தி அதைத் தட்டி எழுப்புவது. இரண்டும் நெருங்கி ஒன்றையொன்று எழுப்புகின்றன. பிறகு ஸ்டாட்5 என்ற புரதத்தை எழுப்புகின்றன. அது உட்கருவுக்குள் போய், சாவைத் தடுக்கும் பி.சி.எல்.-2 புரதத்தைச் செய்யச் சொல்கிறது. கிணற்றிலிருந்து மடை மடையாகத் திறந்துவிட்டு வயலுக்குப் போகும் தண்ணீரைப் போல இது. நடுவில் ஒரு மடை திறக்காவிட்டால் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் கடைசிப் பாத்தி காயும். ஜாக்3 இல்லாத குழந்தைக்குத் தைமஸ் இருக்கிறது, ஐ.எல்.-7 இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது. டி அணு மட்டும் இல்லை.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு 1997-இல் அழகான சான்று கிடைத்தது. ஐ.எல்.-7 ஏற்பி இல்லாத எலிகளுக்கு பி.சி.எல்.-2 புரதத்தை மட்டும் செயற்கையாகக் கூட்டிக் கொடுத்தார்கள். டி அணுக்கள் திரும்பி வந்தன. ஆக, அந்தச் சேதியின் முதன்மையான பொருள் ‘வளர்’ என்பதோ ‘போரிடு’ என்பதோ அல்ல; ‘சாகாதே’ என்பதுதான்.

பிழைத்த அணுக்களுக்கு இன்னொரு தேர்வும் உண்டு. தன் ஏற்பி உடலின் புரதங்களை அளவோடு அடையாளம் காண்கிறதா என்று ஒவ்வொரு அணுவும் சோதிக்கப்படுகிறது. அந்தச் சேதியை உள்ளே கடத்துபவை எல்.சி.கே., சாப்-70 என்ற வேறு இரண்டு கைனேஸ்கள். சேதி மிகப் பலமாக இருந்தால் அந்த அணு சொந்த உடம்பையே தாக்கும். அதனால் அது அழிக்கப்படுகிறது. சேதியே வராவிட்டால் கவனிப்பாரின்றி மூன்று நான்கு நாளில் சாகிறது. மிதமான சேதி வந்தவை மட்டும் வெளியே போகின்றன. சாப்-70 இல்லாத குழந்தைகள் 1994-இல் அடையாளம் காணப்பட்டார்கள், ஜாக்3 இல்லாதவர்கள் 1995-இல். அதற்கு முன்பே, 1972-இல், அமெரிக்காவின் எலாய்ஸ் கிப்ளெட் ஏ.டி.ஏ. என்ற நொதி இல்லாத இரண்டு சிறுமிகளைக் கண்டுபிடித்திருந்தார். அது சேதி கடத்தும் நொதியல்ல, இளம் அணுக்களைக் கொல்லும் கழிவை அகற்றும் நொதி. கிப்ளெட் தேடியது நோயையே அல்ல. ரத்த வகையியல் நிபுணரான அவர் சாதாரண அடையாளச் சோதனை செய்யும்போது அந்த நொதியின் தடம் காணாமல் திகைத்தார். இந்த மூன்று நோய்களிலும் பெற்றோர் இருவரிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கும். அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. கேரட் 1902-இல் பிடித்த அதே முனை!

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்நூறு பேரில் ஒருவர் ஒரு பழுதான பிரதியைச் சுமக்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. மாமன் மகளைக் கட்டினால் ஏறத்தாழ 16,000-இல் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் 8,000-இல் ஒன்று. நூறு மடங்குக்கும் மேல் உயர்கிறது என்பது உண்மை. 8,000-இல் 7,999 குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மைதான் வழக்கத்தை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது. ‘எங்க தாத்தாவும் அக்கா மகளைத்தான் கட்டினாரு, எங்களுக்கு என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கிராமத்தில் எவராலும் முடிந்ததில்லை. இப்படி ஒவ்வொன்றும் அரிதான நோய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்பதும், எல்லாம் சேர்ந்தே அந்த நூறில் நான்கு ஆகிறது என்பதும் ஒரு வீட்டின் அனுபவத்துக்குள் அடங்காதவை.

வழக்கத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதும் நியாயமல்ல. இந்த வகை நோய்களில் மிகப் பிரபலமானது, அமெரிக்காவில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வாழ்ந்து 1984-இல் இறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனின் நோய். அந்த நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய் மட்டும் சுமந்தால் போதும், ஆண் குழந்தைகளைத் தாக்கும். தந்தை சொந்தமா அன்னியமா என்பது பொருட்டே இல்லை. இன்னொரு வகை லிம்போசைட்டான பி அணுக்களின் வளர்ச்சிக்கு இன்றியமையாத பி.டி.கே. என்ற கைனேஸும் எக்ஸ் குரோமோசோமைச் சேர்ந்ததே. எனவே நோய் வந்த வீட்டில் ‘சொந்தத்துல கட்டினதாலதான்’ என்று தாயைக் குத்திக்காட்டும் உறவினர்களுக்கு மருத்துவம் எப்போதும் துணை நிற்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரிடையே இரண்டாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இதே போன்ற கடும் எதிர்ப்புக் குறைபாடு காணப்படுகிறது. மிகச் சிலரிடமிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்துவந்த சிறு சமூகத்தில், மூதாதை ஒருவரின் பழுது எல்லாக் குடும்பங்களுக்கும் பரவிவிட்டது. இந்தியச் சாதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2017-இல் ஐதராபாத்தின் கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு காட்டியது. ஆராய்ந்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களின் மரபணுச் சுருக்கம், இந்த விஷயத்தில் உதாரணமாகச் சொல்லப்படும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கநாசி யூதர்களையும் மிஞ்சியது. ஆக, ‘சொந்தம் வேண்டாம், நம்ம ஆளுங்கள்லயே வெளியே பார்க்கலாம்’ என்பது பாதிக் கிணறு தாண்டுவதுதான். முழுக் கிணறு தாண்டியவர்களுக்குத் தருமபுரியில் என்ன நேர்ந்தது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. சாதி மீறிய ஒரு திருமணத்தின் பேரில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அதை அடுத்த தலித் குடியிருப்புகளிலும் வீடுகள் எரிக்கப்பட்டன. மரபியல் அறிவுரை சொல்லுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் நினைவில் வைத்துப் பேச வேண்டிய தேதி அது.

வழக்கம் தானாகவும் தளர்ந்துவருகிறது. பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். பையன்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். குடும்பம் சிறுத்துவிட்டதால் பல பெண்களுக்குக் கட்டுவதற்கு வயதொத்த தாய்மாமனே இல்லை. இருந்தும் 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உறவுக்குள் மணந்த பெண்கள் 28 சதவீதம். இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். நாட்டின் சராசரி 11. 

எந்தத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கும் ஒன்றாகவே இருப்பது தடுப்பூசி அட்டவணை. பிறந்தவுடன் பி.சி.ஜி., வாய்வழி போலியோ சொட்டு. ஆறாம் வாரம் ரோட்டா வைரஸ் சொட்டு. மூன்றும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகள். கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்தவை. ஆனால் டி அணு இல்லாத குழந்தைக்கு பி.சி.ஜி. கிருமியே எதிரியாகிறது: ஊசி போட்ட இடம் ஆறாமல் புண்ணாகும், அக்குளில் நெறி கட்டும், பிறகு உடம்பெங்கும் பரவும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008 முதல் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி அணுக்களின் தடம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கியது. 2018-க்குள் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றின. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்குமான அப்படிப்பட்ட திட்டம் இல்லை. உறவுத் திருமணம் இவ்வளவு உள்ள தமிழ்நாடு அதை முதலில் தொடங்கியிருக்க வேண்டிய மாநிலம்.

மருந்தில்லாத நோயல்ல இது. 1968-இல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் இத்தகைய குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றிக் காப்பாற்றினார். வேலூரில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-இல் தொடங்கியது. மூன்றரை மாதத்துக்குள் மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 சதவீதம் பேர் பிழைத்ததாக 2014-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. தொற்று வந்த பிறகு செய்தால் இந்த அளவு சரிகிறது. இதில் ஒரு முரண்: சொந்தத்துக்குள் மணந்த குடும்பங்களில் பொருத்தமான மஜ்ஜை தரக்கூடிய உறவினர் கிடைப்பது மற்றவர்களைவிட எளிது. நோயைத் தந்த நெருக்கமே மருந்தையும் தருகிறது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை இந்த நோயை ஒரே முறை சிகிச்சையில் குணமாகக்கூடிய முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உதவித்தொகையின் உச்சவரம்பு 2022-இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஜாக்3 ஆய்விலிருந்து பெரியவர்களுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. ஜாக் நொதிகளை வேண்டுமென்றே அடக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை 2012 முதல் முடக்குவாதத்துக்குத் தரப்படுகிறது.

இந்த எதிர்ப்புக் குறைபாட்டுக்கு முதல் சோதனை எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைப்பதுதான். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையும் லிம்போசைட் சதவீதமும் இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் வருவது லிம்போசைட் எண்ணிக்கை. கைக்குழந்தைக்கு அது ஒரு மைக்ரோ லிட்டரில் 3,000-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் இந்தக் கணக்குப் பிடித்துவிடாது, பலரைப் பிடிக்கும். தருமபுரியிலோ வேறெங்கோ, உங்கள் வீட்டிலோ உடன்பிறந்தவர்கள் வீட்டிலோ முதல் வயது தாண்டாமல் தொற்றில் இறந்த குழந்தை இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மற்றக் குழந்தைகளுக்கு பி.சி.ஜி.யைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அப்படி இழப்பு நேர்ந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு மட்டும், ஊசி போடும் முன் இந்த எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.